எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங் (1890 – 1954): விரியலாக்கியும் வினைத்திறனும்



இலத்திரனியல் அலகைக் கற்கும்போது விரியலாக்கி என்னும் சொல்லை நீங்கள் அறிந்திருப்பீர்கள். சிறிய சமிக்ஞையொன்றைப் பெய்ப்பாகக் கொடுத்தால் அதே வடிவமுள்ள பெரிய சமிக்ஞையைப் பயப்பாகத் தரும் சுற்றே விரியலாக்கியாகும். இதை எழுதிப் புள்ளி பெறுவது எளிது. ஆனால் அந்த மேலதிக சக்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். விரியலாக்கி சக்தியை உருவாக்குவதில்லை. பற்றரியிலிருந்தோ மின் வழங்கலிலிருந்தோ பெறும் சக்தியைத்தான் அது சமிக்ஞையின் வடிவத்துக்கு ஏற்ப வெளியே அனுப்புகிறது. பெற்றது முழுவதையும் அனுப்பிவிடுவதும் இல்லை. ஒரு பகுதி வெப்பமாகிப் போகிறது. நெடுநேரம் பாடிக்கொண்டிருக்கும் வானொலிப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூடு நீங்கள் கேட்காத, ஆனால் பணம் கொடுத்து வாங்கிய மின்சாரம்.

பயப்பு வலுவை வழங்கிய வலுவால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது வினைத்திறன். வானொலி நிலையம் ஒன்றில் இந்த எண் மிகப் பெரிய விடயமாகும். 50 கிலோவாற்று வலுவை வானில் செலுத்தும் நிலையத்தின் விரியலாக்கிக்கு 33 சதவீத வினைத்திறன் மட்டுமே உண்டென்று கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 150 கிலோவாற்று வழங்க வேண்டும். மீதி 100 கிலோவாற்றும் வெப்பம். ஒரு கிலோவாற்று மின்னழுத்திகள் நூறை இரவு பகலாக எரியவிட்டு, அவை உண்டாக்கும் சூட்டை வெளியேற்ற நீர்க்குழாய்களும் காற்றாடிகளும் வைப்பதற்கு இது சமம். 1930களில் பெரிய நிலையங்கள் பலவற்றின் நிலைமை ஏறத்தாழ இதுதான்.

இந்த விரயத்திலிருந்து வானொலி மீண்ட கதையில் முக்கியமானவர் எட்வின் ஹவார்ட் ஆம்ஸ்ட்ரோங். எப்.எம். ஒலிபரப்பைத் தந்தவர் என்று பொது அறிவு நூல்களில் ஒரு வரியில் இவரைப் படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்கு அவர் கொடுத்த விலை பெரியது.

ஆம்ஸ்ட்ரோங் 1890 டிசம்பர் 18 ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். தந்தை ஜோன், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றியவர். தாய் எமிலி, ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் நரம்பைத் தாக்கும் நோயொன்று வந்ததால் எட்வின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பாடசாலைக்குப் போகவில்லை. நோய் நீங்கியும் கழுத்தும் தோளும் திடீரெனத் துடிக்கும் பழக்கம் வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. பின்னர் குடும்பம் நகரின் வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள யோங்கர்ஸ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டு மேன்மாடத்து அறை அவருடைய ஆய்வுகூடமானது. கண்டுபிடிப்பாளர்கள் பற்றித் தந்தை கொடுத்த நூலொன்றைப் படித்து, மார்க்கோனியைப் போல வானொலித் துறையில் ஈடுபடுவதென்று 14 வயதளவில் தீர்மானித்தார்.

வீட்டுத் தோட்டத்தில் 38 மீற்றர் உயரமான அன்ரனாக் கம்பத்தைத் தாமே நிறுவினார். கயிற்றில் கட்டிய பலகையில் அமர்ந்து தம்மைத் தாமே மேலே இழுத்துக்கொண்டு உச்சிவரை செல்வார். உயரத்துக்கு அவர் சற்றும் அஞ்சியதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள். கதையில் இது மீண்டும் வரும்.

1909 இல் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். அக்காலத்தில் லீ டி பொரஸ்ட் என்பவர் 1906 இல் உருவாக்கிய மூவாயிக் குழாய் புழக்கத்துக்கு வந்திருந்தது. கதோட்டு, அனோட்டு என்னும் இரு மின்வாய்களுக்கும் நடுவே நெய்யரி எனப்படும் சிறு கம்பிவலை அதில் இருந்தது. நெய்யரிக்குக் கொடுக்கும் மிகச் சிறிய அழுத்தமாற்றம், அனோட்டை நோக்கிச் செல்லும் இலத்திரன் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றும். இன்று நீங்கள் திரான்சிற்றரில் கற்கும் தொழிற்பாட்டை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்தக் குழாய் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை அதை ஆக்கியவரே சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. குழாயினுள் எஞ்சியிருக்கும் வாயுவே காரணம் என்று அவர் நம்பினார். மாணவரான ஆம்ஸ்ட்ரோங் அளந்து பார்த்தார். அனோட்டுச் சுற்றிலும் வானொலி மீடிறனில் அலைவு இருப்பதை 1912 இல் கண்டார்.

அப்படியானால் அந்தப் பயப்பின் ஒரு பகுதியை மீண்டும் நெய்யரிக்கே அனுப்பினால் என்ன? பெரிதாக்கப்பட்ட சமிக்ஞை மறுபடி பெரிதாகும். அதில் ஒரு பகுதி மீண்டும் திரும்பி வரும். ஊஞ்சல் சரியாகப் பின்னால் வரும் கணத்தில் ஒவ்வொரு முறையும் சிறிது தள்ளுவது போன்றது இது. மேலும் ஒரு குழாயோ பெரிய பற்றரியோ இல்லாமலேயே ஒரே குழாயின் விரியலாக்கம் பன்மடங்கானது. காதில் வைத்துக் கேட்கும் கருவியில் மெல்லக் கேட்ட குறிகள் மேசையில் வைத்தாலும் கேட்கத் தொடங்கின. இதனை மீளுருவாக்கச் சுற்று அல்லது நேர்ப் பின்னூட்டல் சுற்று என்பர். பின்னூட்டலை ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால் குழாய் தானாகவே அலைவை உண்டாக்கத் தொடங்கும். அதாவது வாங்கியாக இருந்த சுற்று செலுத்தியாக மாறிவிடும். பரீட்சையில் விரியலாக்கியையும் அலையத்தையும் முற்றிலும் தொடர்பற்ற இரு சாதனங்கள்போல எழுதும் மாணவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

ஆக்கவுரிமைப் பத்திரம் பெறப் பணம் வேண்டும். பட்டம் பெறும்வரை தரமுடியாது என்றார் தந்தை. உறவினர் ஒருவரின் யோசனைப்படி சுற்றின் படத்தை வரைந்து, 1913 ஜனவரி 31 ஆம் திகதி சான்றொப்பம் பெற்று வைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஒக்டோபரில்தான் விண்ணப்பம் செய்ய முடிந்தது. 1914 ஜனவரி கடைசி நாட்களில் நியூஜேர்சிக் கரையிலுள்ள பெல்மார் நிலையத்தில், மார்க்கோனி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் சார்னோவ் என்னும் இளைஞருக்குத் தம் கருவியை இயக்கிக் காட்டினார். கடுங்குளிர் இரவில் அயர்லாந்திலிருந்தும் ஹவாய்த் தீவிலிருந்தும் வந்த குறிகளை இருவரும் கேட்டனர். அன்றிலிருந்து அவர்கள் நண்பர்களாயினர்.

தாமதம் வீண்போகவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் டி பொரஸ்ட்டும் இதே சுற்றுக்கு உரிமை கோரினார். வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1928 இலும் 1934 இலும் டி பொரஸ்ட்டுக்குச் சார்பாகவே முடிவளித்தது. துறை அறிந்த பொறியியலாளர்கள் பலர் இதனை ஏற்கவில்லை. இக்கண்டுபிடிப்புக்காக வானொலிப் பொறியியலாளர் நிறுவகம் 1917 இல் தமக்கு அளித்த பதக்கத்தை, 1934 தீர்ப்பின் பின் அவர்களது மாநாட்டுக்குச் சென்று திருப்பிக் கொடுக்க முனைந்தார் ஆம்ஸ்ட்ரோங். நிறுவகம் அதை வாங்க மறுத்து, பதக்கம் அவருக்கே உரியது என்று மீண்டும் உறுதி செய்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

முதலாம் உலகப் போரில் அவர் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் படையில் சேர்ந்து பாரிஸ் சென்றார். அக்காலக் குழாய்களால் உயர் மீடிறன் அலைகளை நன்றாக விரியலாக்க முடியவில்லை. குழாயைத் திருத்துவதை விட்டு அலையை மாற்றினார் அவர். வாங்கியினுள்ளேயே இன்னோர் அலையை உண்டாக்கி, வரும் அலையுடன் கலந்தால், இரண்டினதும் மீடிறன் வித்தியாசத்துக்குச் சமமான குறைந்த மீடிறனுள்ள அலை கிடைக்கும். விரியலாக்கிக்கு இலகுவான அந்த மீடிறனில் முழு வேலையையும் செய்துகொள்ளலாம். 1918 இல் உருவான இச்சுற்று சுப்பர் ஹெற்றரோடைன் எனப்படும். பிரான்சிலும் ஜேர்மனியிலும் வேறு சிலரும் இதே எண்ணத்தை அக்காலத்திலேயே அடைந்திருந்தனர். ஆயினும் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை ஆம்ஸ்ட்ரோங்குக்கு உண்டு. பின்வந்த வானொலிப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இம்முறையிலேயே அமைந்தன.

இக்கண்டுபிடிப்புகளை விற்றதில் அவர் செல்வந்தரானார். 1922 இல் அவருடைய மற்றொரு சுற்றை வாங்கிய ஆர்.சீ.ஏ. நிறுவனம் 200,000 டொலர் பணமும் 60,000 பங்குகளும் கொடுத்தது. அந்நிறுவனத்தில் அப்போது மேல்நிலைக்கு வந்துகொண்டிருந்தவர் பழைய நண்பர் சார்னோவ். அவருடைய செயலாளர் மரியன் மக்கின்னிஸ் என்னும் பெண்ணை ஆம்ஸ்ட்ரோங் 1923 டிசம்பரில் மணந்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன், நியூயோர்க் நகரில் உயர்ந்த கட்டடம் ஒன்றின் மேல் நின்ற அந்நிறுவனத்தின் அன்ரனாக் கோபுர உச்சிக்கு ஏறிப் படமும் எடுத்துக்கொண்டார். சார்னோவ் கடுங்கோபம் கொண்டார். மணப்பரிசாக மரியனுக்கு அவர் கொடுத்தது, தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சுப்பர் ஹெற்றரோடைன் வானொலிப் பெட்டி.

இனி எமது தலைப்பின் நடுப்பகுதிக்கு வருவோம். இங்கே சற்று நிதானமாக வாசியுங்கள்.

ஒலியை வானொலி அலையில் ஏற்றுவதைப் பண்பேற்றம் என்பர். ஆரம்ப ஒலிபரப்பு முழுவதும் ஏ.எம். முறையே. அதில் காவி அலையின் மீடிறன் மாறாது. ஒலிக்கு ஏற்ப அதன் வீச்சம் கூடிக் குறையும். பேச்சு உரத்தால் அலை உயரும். தணிந்தால் அலையும் தணியும். இதில் இரண்டு குறைகள் உண்டு. இடியும் மின்னலும் மோட்டார்களின் தீப்பொறியும் அலையின் வீச்சத்தையே குழப்புவதால் இரைச்சல் ஒலியோடு கலந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்த குறை. இரண்டாவது குறை விரியலாக்கியில் இருக்கிறது.

பண்பேற்றம் உச்சத்தை அடையும்போது அலையின் வீச்சம் காவி அலையின் வீச்சத்தைப் போல இரு மடங்காகும். வலு வீச்சத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன். எனவே உச்சக் கணத்தின் வலு நான்கு மடங்கு. 50 கிலோவாற்று நிலையத்தின் விரியலாக்கி, அவ்வப்போது வரும் உச்சங்களுக்காக 200 கிலோவாற்று கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். திருவிழா நாளில் மட்டும் நிரம்பும் பெரிய பேருந்தை ஆண்டு முழுவதும் கால்வாசிப் பயணிகளுடன் ஓட்டுவது போன்ற நிலை இது. எரிபொருள் பேருந்தின் பருமனுக்குச் செலவாகும், பயணிகளின் தொகைக்கல்ல. அலையின் வடிவத்தைச் சிதைக்காமல் பெரிதாக்கும் விரியலாக்கி தன் முழு வீச்சத்துக்கு அண்மையில் வேலை செய்யும்போதே நல்ல வினைத்திறனைத் தரும். பாதி வீச்சத்தில் அது பெரும்பாலும் வெப்பத்தையே உண்டாக்கும். முன்னே சொன்ன 33 சதவீதம் இவ்வாறு வந்ததே. கடைசிக் கட்டத்தில் நேரடியாகப் பண்பேற்றும் வேறொரு முறையும் இருந்தது. அதில் வானொலி விரியலாக்கியின் வினைத்திறன் கூடும். ஆனால் பக்கத்தில் பிரமாண்டமான ஒலி விரியலாக்கி ஒன்றையும் வைக்க வேண்டியிருந்தது.

ஆம்ஸ்ட்ரோங் இரைச்சலை ஒழிக்கவே புறப்பட்டார். வினைத்திறன் அவருடைய முதல் நோக்கமல்ல. ஆனால் அவர் கண்ட விடை இரண்டு குறைகளையும் ஒன்றாகத் தீர்த்தது. வீச்சத்தை மாறாமல் வைத்து, ஒலிக்கு ஏற்ப மீடிறனை மாற்றுவதே எப்.எம். முறை. இந்த எண்ணம் புதியதல்ல. அதனால் பயனில்லை என்று 1922 இல் ஜோன் கார்சன் என்னும் கணித வல்லுநர் நிறுவியுமிருந்தார். கார்சன் எடுத்துக்கொண்டது மீடிறன் மிகச் சிறிதளவே மாறும் அலையை. அந்த அளவில் அவர் சொன்னது சரி. ஆம்ஸ்ட்ரோங் மீடிறனைப் பேரளவில் மாறவிட்டார். வாங்கியில், வீச்சத்தில் உண்டாகும் மாற்றங்களை வெட்டிவிடும் கட்டம் ஒன்றையும் சேர்த்தார். இரைச்சல் பெருமளவு மறைந்தது. இதற்கான ஆக்கவுரிமைப் பத்திரங்களை 1933 டிசம்பர் 26 ஆம் திகதி பெற்றார்.

விரியலாக்கியின் நிலைமையை இப்போது பாருங்கள். எப்.எம். அலையின் வீச்சம் எப்போதும் ஒன்றே. உச்சத்துக்காக இடம் ஒதுக்கத் தேவையில்லை. எந்நேரமும் முழு அளவில் விரியலாக்கியை இயக்கலாம். வீச்சத்தின் வடிவத்தைக் காக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே குழாயை ஒவ்வோர் அலைவிலும் சிறிது நேரம் மட்டும் மின்னைக் கடத்தவிட்டு, மீதி நேரம் ஓய்வாக வைக்கலாம். சீ வகுப்பு விரியலாக்கம் எனப்படுவது இதுவே. அதன் வினைத்திறன் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடியது. முன்னைய கணக்கை இங்கே செய்யுங்கள். 75 சதவீத வினைத்திறனில் 50 கிலோவாற்றுப் பயப்புக்கு ஏறத்தாழ 67 கிலோவாற்று வழங்கினால் போதும். வெப்பமாவது 17 கிலோவாற்று. 100 எங்கே, 17 எங்கே!

இதற்கும் ஒரு விலை உண்டு. எப்.எம். ஒலிபரப்புக்கு ஏ.எம். போலப் பன்மடங்கு அகலமான மீடிறன் வீச்சு வேண்டும். வலுவை மிச்சம் பிடித்து மீடிறன் இடத்தைச் செலவிடும் ஒரு பண்டமாற்று இது. அத்துடன் அது பயன்படுத்தும் உயர் மீடிறன் அலைகள் ஏ.எம். அலைகளைப் போல நெடுந்தூரம் செல்வதில்லை. நன்மைகளை மட்டும் எழுதிவிட்டுத் தீமைகளை விட்டுவிடும் விடைக்கு முழுப் புள்ளி கிடைக்காது.

1934 இல் எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தில் ஆர்.சீ.ஏ. நிறுவனத்தின் இடத்திலிருந்து பரிசோதனைகள் நடந்தன. நன்றாகவே நடந்தன. ஆனால் 1935 இல், தொலைக்காட்சிப் பரிசோதனைக்கு இடம் வேண்டுமென்று அவரது கருவிகளை அகற்றச் சொன்னது நிறுவனம். சார்னோவ் எதிர்பார்த்தது ஏ.எம். வானொலியின் இரைச்சலை வடிகட்டும் ஒரு சிறு சாதனத்தை, வந்ததோ ஏ.எம். நிலையங்களையே பழையனவாக்கிவிடும் ஒரு புது முறை என்று பலர் விளக்குவர். அவ்விளக்கம் பொருத்தமானதாகவே தோன்றுகிறது.

அவ்வாண்டு நவம்பர் 5 ஆம் திகதி நியூயோர்க்கில் பொறியியலாளர் கூட்டமொன்றில் ஆம்ஸ்ட்ரோங் கட்டுரை படித்தார். முடிவில் வாங்கி ஒன்றை இயக்கினார். யோங்கர்ஸில் நண்பர் ஒருவரின் வீட்டிலிருந்து ஒலிபரப்பு வந்தது. அச்செலுத்தியின் வலு ஏறத்தாழ 100 வாற்று. ஒரு பெரிய மின்குமிழின் அளவு. கிண்ணத்தில் நீர் ஊற்றும் ஓசையும் கடதாசியைக் கசக்கும் ஓசையும் மண்டபத்தில் தெளிவாகக் கேட்டன. இடையில் வந்த மௌனம் உண்மையான மௌனமாக இருந்தது. ஏ.எம். வானொலியில் அதுவரை எவரும் மௌனத்தைக் கேட்டதில்லை.

அக்கட்டுரை 1936 மே மாதம் வானொலிப் பொறியியலாளர் நிறுவகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அதே சஞ்சிகையில் அதே ஆண்டு செப்ரெம்பரில் இன்னொரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த, 29 வயதான வில்லியம் டொஹேட்டி. அவர் ஏ.எம். அலையை மாற்றவில்லை, விரியலாக்கியை மாற்றினார். ஒரு குழாய் சாதாரண வேளையில் தன் முழு அளவில் வேலை செய்யும். அலை அதற்கு மேல் உயரும்போது மட்டும் இரண்டாவது குழாய் விழித்துத் தோள் கொடுக்கும். மேட்டில் வண்டி ஏறும்போது மட்டும் இன்னொருவர் வந்து தள்ளுவதுபோல. இவ்வாறு சமிக்ஞையின் அளவுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் விரியலாக்கி 60 சதவீதத்துக்கு மேற்பட்ட வினைத்திறனைத் தந்தது. ஒரே நோய்க்கு ஒரே ஆண்டில் இரண்டு மருந்துகள். ஒன்று அலையைச் சீராக்கியது, மற்றது விரியலாக்கியை இசைந்துபோக வைத்தது. பெரிய ஏ.எம். நிலையங்கள் இரண்டாவது மருந்தை உடனே ஏற்றன. முதலாவதுக்காக ஆம்ஸ்ட்ரோங் தம் சொத்தைச் செலவிட வேண்டியிருந்தது.

ஆர்.சீ.ஏ. பங்குகளை விற்று, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் அல்பைன் என்னுமிடத்தில் 120 மீற்றருக்கு மேற்பட்ட உயரமுள்ள, மூன்று கைகள் நீட்டிய கோபுரத்தை எழுப்பினார். 1938 இல் அங்கிருந்து எப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது. 1940 இல் அரசு எப்.எம். முறைக்கு 42 முதல் 50 மெகா ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களை ஒதுக்கியது. வேறு நிறுவனங்கள் பல அவருக்கு உரிமைப் பணம் செலுத்த உடன்பட்டன. ஆர்.சீ.ஏ. மட்டும் ஒரேயடியாகப் பத்து இலட்சம் டொலர் தருவதாகச் சொன்னது. மற்றவர்களைப் போலத் தொடர்ந்து பங்கு தரவேண்டும் என்று ஆம்ஸ்ட்ரோங் மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது தம் எப்.எம். உரிமைகளை இராணுவம் பணமின்றிப் பயன்படுத்த அனுமதித்தார். அமெரிக்கத் தாங்கிகளுள் அந்த வானொலிகள் இயங்கின.

1945 இல் அரசு எப்.எம். ஒலிபரப்பை உயர் மீடிறனுக்கு மாற்றியது. இன்று உங்கள் வானொலிப் பெட்டியில் காணும் 88 முதல் 108 வரையான எண்கள் அந்த மாற்றத்தின் விளைவே. ஆனால் அன்று மக்கள் வாங்கியிருந்த இலட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே முடிவில் பயனற்றுப் போயின. நிலையங்களின் செலுத்திகளும் அவ்வாறே. எப்.எம். பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டிகளின் ஒலிக்கு எப்.எம். பயன்பட்டது, ஆர்.சீ.ஏ. அதற்கும் அவருக்குப் பணம் கொடுக்கவில்லை. 1948 இல் அவர் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு ஆண்டுகளைக் கடத்தினர். 1950 டிசம்பரில் அடிப்படை ஆக்கவுரிமைகளின் காலமும் முடிந்தது. செல்வம் கரைந்தது. 1953 நவம்பரில் மனைவியுடன் ஏற்பட்ட சச்சரவில் அவர் மரியனை அடித்துவிட, அவர் தம் சகோதரியின் வீட்டுக்குச் சென்றுவிட்டார். முப்பது ஆண்டு இல்லறம் அத்துடன் குலைந்தது.

1954 ஜனவரி 31 ஆம் திகதி இரவு, மனைவிக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்றை எழுதி வைத்துவிட்டு, நியூயோர்க்கிலிருந்த தம் வீட்டில் ஆம்ஸ்ட்ரோங் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 63. மாணவப் பருவத்தில் சுற்றுப் படத்துக்குச் சான்றொப்பம் பெற்றதும் ஒரு ஜனவரி 31 தான்.

மரியன் வழக்குகளை விடவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் ஆர்.சீ.ஏ. பத்து இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ 1940 இல் ஆம்ஸ்ட்ரோங் மறுத்த தொகைதான். மற்ற நிறுவனங்களுடனான வழக்குகளை ஒவ்வொன்றாக நடத்தினார். கடைசி வழக்கு 1967 இல் அவருக்கு வெற்றியாக முடிந்தது.

விரியலாக்கியின் கதை கையடக்கத் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தது. 1991 இல் சேவைக்கு வந்த ஜீ.எஸ்.எம். எனப்படும் இரண்டாம் தலைமுறை முறையில், குரலைக் கொண்டு செல்லும் அலையின் வீச்சம் மாறாதது. ஆம்ஸ்ட்ரோங் வழியில் விரியலாக்கியை முழு அளவில் இயக்கலாம், பற்றரி நீடிக்கும். பின்வந்த மூன்றாம், நான்காம் தலைமுறைகள் ஒரே மீடிறன் இடத்தில் மிகுந்த தகவலைத் திணிக்க வேண்டியிருந்ததால், வீச்சம் கடுமையாக ஏறி இறங்கும் அலைகளைப் பயன்படுத்தின. பழைய ஏ.எம். நோய் திரும்பி வந்தது. உச்சங்கள் அரிது, ஆனால் அவற்றுக்காக விரியலாக்கி காத்திருக்க வேண்டும். ஆகவே தொலைபேசிக் கோபுரங்களின் அடிநிலையங்களில் டொஹேட்டியின் 1936 சுற்றைக் குழாய்க்குப் பதில் திரான்சிற்றர் கொண்டு அமைக்கிறார்கள். தொலைபேசியினுள்ளே வேறொரு உத்தியும் உண்டு. அலை தாழும்போது விரியலாக்கிக்கு வழங்கும் அழுத்தத்தையும் தாழ்த்தி, உயரும்போது உயர்த்துவார்கள். திருவிழாப் பேருந்து தேவைக்கேற்பச் சுருங்கி விரிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நெடுநேரம் காணொளி பார்க்கும்போது தொலைபேசி சூடாவதற்குத் திரையும் செயலியும் ஒரு காரணம். இந்த விரியலாக்கியும் ஒரு காரணம்.

அல்பைன் கோபுரம் ஆம்ஸ்ட்ரோங் இறந்த பின்னும் அகற்றப்படவில்லை. 2001 செப்ரெம்பர் 11 ஆம் திகதி உலக வர்த்தக மையக் கோபுரங்கள் வீழ்ந்தபோது, அவற்றின் உச்சியிலிருந்து ஒளிபரப்பிய நியூயோர்க் தொலைக்காட்சி நிலையங்கள் தம் அன்ரனாக்களை இழந்தன. அவற்றுள் சில, அந்த மூன்று கைக் கோபுரத்துக்குத் தம் செலுத்திகளைக் கொண்டு சென்று மீண்டும் ஒளிபரப்பத் தொடங்கின.